றஹ்மானாக நடித்தவர்

ஆனந்தராசாவைத் திருகோணமலை ஆட்கள் சிரிப்புக்காரராகவே அறிந்திருந்தார்கள். தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் உத்தியோகம். லிங்கநகரில் வீடு. திருவிழாக்களில் மேடையேறும் நாடகங்களில் குடிவெறிகாரன், கள்ளச் சாத்திரி, மருமகனுக்குப் பயந்த மாமனார் என்று அவருக்கென்றே சில வேடங்கள் இருந்தன. மேடைக்கு வந்து வாய் திறக்குமுன்பே முன்வரிசை சிரிக்கத் தொடங்கிவிடும். 1976ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து வந்த இயக்குநர் பாக்கியரத்தினம், தன் படத்தில் கொலைகாரன் கலீலுர் றஹ்மானாக நடிக்க அவரைத் தெரிந்தெடுத்தபோது கந்தோரில் அது பல நாள் பகிடியாக இருந்தது. முத்திரை குத்துகிறவர்கள் அவருடைய கதிரையைக் கடக்கும்போதெல்லாம் கழுத்தைப் பொத்திக்கொண்டு போனார்களாம்.

கலீலுர் றஹ்மான் கற்பனை ஆள் அல்ல. 1957 புரட்டாதியில், வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போக ஆயத்தமான கிழமைகளில், கொட்டியாரக் குடாவில் ஒரு வள்ளம் தன்பாட்டில் மிதந்தது. அதற்குள் துறைமுகப் பண்டசாலையில் வேலை செய்த இரத்தினசிங்கம் பிணமாகக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. வள்ளம் குறிஞ்சாக்கேணி றஹ்மானுடையது. இருவரும் சேர்ந்து பண்டசாலைப் பித்தளையைக் களவாக ஏற்றி இறக்கியது பிறகு தெரிய வந்தது. றஹ்மானை அதன்பின் யாரும் காணவில்லை. கடலோடு போனார் என்றார்கள் சிலர். தோணியேறி மாலைதீவுக்கு ஓடிவிட்டார் என்றார்கள் வேறு சிலர். பொலிசின் பிடியாணை அப்படியே கிடந்தது.

அப்போதுதான் நான் திருகோணமலையிலிருந்து கொழும்புப் பத்திரிகையொன்றுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தேன். அந்தக் கொலை பற்றி ஆறு கட்டுரைகள் எழுதினேன். கொன்றவர் றஹ்மான் என்பதில் ஆறிலும் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. பாக்கியரத்தினம் படமெடுக்க வந்தது அந்தக் கட்டுரைகளின் நறுக்குகளோடுதான். ஊரைக் காட்டவும் பேச்சு வழக்கைத் திருத்தவும் என்னை வைத்துக்கொண்டார்.

றஹ்மானின் படம் எங்கும் கிடைக்கவில்லை. பொலிசிடம் இருந்தது ஒரு கலியாண வீட்டுக் கூட்டத்தில் மங்கலான பாதி முகம். ஆனந்தராசா அதை ஒருதரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். முகத்தை மையும் தாடியும் பார்த்துக்கொள்ளும், தனக்கு ஆள் வேண்டும் என்றார். றஹ்மானை அறிந்தவர்களில் மிச்சமாக அறிந்தவர் அவருடைய மனைவி உம்மு குல்சும். நான் திருகோணமலைப் பட்டணத்து முஸ்லிம். குறிஞ்சாக்கேணியில் எனக்குச் சொந்தமும் உண்டு. ஆகவே கேட்டுப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

உம்மு குல்சுமுக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. பிள்ளை இல்லை. தங்கை றுக்கியாவோடு இருந்தார். பத்தொன்பது வருடமாக அவர் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. மையத்தாகவேனும் அவருடைய உடல் கிடைத்திருந்தால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியாரைக் காணாமல் அறைக்குள் இத்தா இருந்து, வெள்ளைச் சீலையைக் களைந்து, புருசனை இழந்தவள் என்ற ஒரு பேரோடு வாழ்ந்திருப்பார். விட்டுப் போனவர் என்று, மணவிலக்கு வழக்குக் கேட்கும் காதியாரிடம் முறையிட்டு விலகியிருக்கவும் வழி இருந்தது. அதற்கு அவர் ஒருநாளும் சம்மதிக்கவில்லை. உயிரோடிருக்கிறாரா என்றே தெரியாத ஒருவர் தன்னை விட்டுப் போனார் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். இரண்டு பெருநாளுக்கும் முந்திய நாளில் ஒரு கான்ஸ்டபிள் வந்து, றஹ்மான் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டுவிட்டுப் போவார். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் உம்மு குல்சும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார் என்று றுக்கியா எனக்குச் சொன்னாள்.

நாங்கள் போன முதல்நாள் அவர் முன்கதவுப் பச்சைச் சீலைக்குப் பின்னால் இருந்துதான் கதைத்தார். அந்நிய ஆண்களோடு கதைப்பது அப்படித்தான். ஆனந்தராசாவும் நானும் முற்றத்தில் இரண்டு கதிரைகளில் இருந்தோம்.

"நீங்க காட்டப்போறது அவரு கொன்ட கதைதானே?" என்று கேட்டார்.

ஆனந்தராசா ஓம் என்றார்.

"கொன்டாரா இல்லையா எண்டு எனக்குத் தெரியா. எனக்கு அவரு சொல்லல்ல. ஆனா அவரப் போல இல்லாத ஒருத்தர அவரெண்டு காட்டப்படாது. அதுக்காகச் சொல்லித் தாறன். எழும்பி நடந்து வாங்க பாப்பம்."

பாப்பம் என்றாரே தவிர அவர் சீலையை விலக்கவில்லை. ஆனந்தராசா வேலி வாசல் படலைக்குப் போய்த் திரும்பி நடந்து வந்தார்.

"இது தபால்காரர் வாறாரு," என்றார் உம்மு குல்சும். குசினிக்குள் றுக்கியா சிரித்தாள்.

அப்படியே தொடங்கியது. ஒன்பது நாள் போனோம். அவர் ஒருதரமும் ஆனந்தராசாவைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் காதால் கேட்டே திருத்தினார். றஹ்மான் முற்றத்தின் நடுவுக்கு வந்ததும் ஒரு கணம் நிற்பார், நின்ற பிறகுதான் இருமுவார் என்றார். அந்த இருமல் தொண்டையிலிருந்து வருவதல்ல, வந்துவிட்டேன் என்று சொல்வதற்கான இருமல் என்றார். பேரைக் கூப்பிடும்போது முன்பாதி உரத்து வரும், பின்பாதி வாய்க்குள் போகும். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ஆனந்தராசா பள்ளிப் பிள்ளையைப் போலத் திரும்பத் திரும்பச் செய்தார். கந்தோரில் கடிதம் பிரிக்கும்போதும் இருமிக்கொண்டிருந்ததாக அவருடைய மேலதிகாரி என்னிடம் முறைப்பட்டார்.

ஒன்பதாம் நாள் அவர் படலையிலிருந்து நடந்து வந்து, நின்று, இருமி, "குல்சும்" என்று கூப்பிட்டார். சீலைக்குப் பின்னால் இருந்து எந்தத் திருத்தமும் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து றுக்கியா பக்கவாசலால் வந்தாள். லாத்தா, அவளுடைய அக்கா, உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இனி வர வேண்டாம், சொல்லித் தர ஒன்றும் மிச்சமில்லை என்றாள்.

படப்பிடிப்பு ஆடி மாதம் தொடங்கியது. கிண்ணியாத் துறையில் முதல்நாள் எடுத்தது ஒன்றுமில்லாத ஒரு காட்சி. றஹ்மான் வள்ளத்திலிருந்து இறங்கி, கயிற்றைக் கட்டிவிட்டு, கரையில் நிற்பவர்களைப் பாராமல் நடந்து போகிறார். அவ்வளவுதான்.  வேடிக்கை பார்க்க வந்த கிழடுகளில் பாதிப் பேர் றஹ்மானோடு தொழில் செய்தவர்கள். அவர்களில் ஜவாஹிர் என்பவரின் வள்ளத்தைத்தான் படத்துக்கு எடுத்திருந்தோம். வள்ளத்தை வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆளோடு நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் சில நாளிலேயே ஆனந்தராசாவை, அண்ணனைக் கூப்பிடுவதுபோல, றஹ்மான் காக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முதலில் அது பகிடி. இரண்டாம் கிழமையில் அதில் பகிடி இருக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவர் பக்கத்து வாங்கு காலியாகவே கிடந்தது.

கொலைக் காட்சியை ஒரே தரத்தில் எடுத்தார்கள். இரத்தினசிங்கமாக நடித்தவர் கொழும்பு நாடகக்காரர், அனுபவசாலி. நங்கூரத்தை ஓங்கிக்கொண்டு ஆனந்தராசா அவருக்குப் பின்னால் நின்ற நேரத்தில் அவர் உண்மையாகவே கத்திவிட்டார். பாக்கியரத்தினத்துக்கு அது பிடித்திருந்தது. இன்னொருதரம் எடுக்கலாமா என்று கமராக்காரர் கேட்டதற்கு, இதைவிட எனக்கு என்ன வேண்டும் என்றார். கொழும்பு நடிகர் அன்று பின்னேரமே தன் படுக்கையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டார்.

ஒருநாள் ஆனந்தராசாவின் மனைவி இராசமலர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தா. மேசையில் சோறு பரிமாறியபடியே, ஆள் வீட்டுக்குள் நடக்கும் விதம் தனக்குப் பிடிக்கவில்லை என்றும், பிள்ளைகளோடு பகிடி விடுவதில்லை என்றும், குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறார் என்றும் சொல்லிக்கொண்டு போனா. பிறகு குரலைத் தாழ்த்தாமலே கேட்டா.

"அண்ணை, இவர் எப்ப திரும்பி வருவார்?"

ஆனந்தராசா பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். மீன் முள்ளைக் கோப்பையின் ஓரத்தில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி தன்னைப் பற்றியது என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை.

பிழை நடந்தது ஆவணி 16ஆம் திகதி, திங்கட்கிழமை.

படத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்று பாக்கியரத்தினம் எழுதியிருந்தார். தப்பியோடும் றஹ்மான் கடலில் மூழ்கி, பிணமாகக் கரையொதுங்குகிறார். கிண்ணியாக் கரையில் ஆனந்தராசாவை நனைந்த மணலில் படுக்க வைத்தோம். தூக்குவதற்குத் துறைக்காரர் ஆறு பேரைப் பிடித்திருந்தோம். பிணம் தூக்கும் பள்ளிவாசல் சந்தூக்கைப் படத்துக்குக் கேட்க முடியாது என்பதால் ஒரு கதவுப் பலகையில் கிடத்தினார்கள். மூடுவதற்கு ஒரு வெள்ளைத் துணி கொடுத்திருந்தோம். முகத்தை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பழக்கத்தில் மூடினார்கள். பழக்கத்திலேயே ஒருவர், இறப்புக்கு ஓதும் இன்னா லில்லாஹியை ஓதினார். மற்றவர்கள் தொப்பியைச் சரிசெய்து தோளைக் கொடுத்தார்கள். கமரா எங்கள் பக்கம் இருந்ததால், நீருக்கு அந்தப் பக்கம், குறிஞ்சாக்கேணிக் கரையில், மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது தெரியவில்லை. தோளில் ஒரு மையத்துப் போவது மட்டும் தெரிந்தது. அங்கிருந்து ஒருத்தி யாரென்று கூப்பிட்டுக் கேட்டாள். பலகையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர், மூன்று கிழமையாகச் சொல்லிப் பழகிய பேரை அப்படியே திருப்பிச் சொன்னார்.

"றஹ்மான் காக்கா."

காட்சி முடிந்து நாங்கள் சாப்பிட இருந்தபோது ஜமால்தீன் லெப்பை சைக்கிளில் வந்தார். குறிஞ்சாக்கேணிப் பள்ளியில் தொழுகை நடத்துகிறவர் அவர். இறங்காமலே, என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்றார். சேதி நீரைக் கடந்து அரை மணித்தியாலத்தில் ஊருக்குள் போயிருந்தது. உம்மு குல்சும் வளையலைக் கழற்றி, வெள்ளைச் சீலை உடுத்து, அறைக்குள் போய் இத்தா இருந்துவிட்டார்.

நானும் லெப்பையும் போனோம். ஆனந்தராசாவும் வந்தார், முகத்து மையைக்கூடக் கழுவாமல். லெப்பை அவரைப் படலைக்கு வெளியே நிற்கச் சொன்னார். அறைக் கதவுக்கு வெளியே நின்று, அது படம், மையத்து வரவில்லை, இத்தா கடமையாகவில்லை, எழும்பு பிள்ளை என்றார். உள்ளிருந்து பதில் உடனே வந்தது.

"சேதி வந்திச்சு, நான் இருந்துட்டேன். அந்தச் சேதி பொய்யெண்டா உண்மையான சேதியக் கொண்டு வாங்க. அவரு உசிரோட இரிக்காரெண்டு ஒருத்தர் வந்து சொல்லட்டும். அப்ப எழும்புறன்."

 மார்க்கச் சட்டக் கிதாபைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு லெப்பை போனார். இரண்டு நாள் கழித்துக் காதியாரின் முடிவோடு வந்தார். இத்தனை காலம் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உம்மு குல்சும் தொடங்கிய இத்தாவை முடிக்கட்டும். முடிகிற நாள்வரை றஹ்மான் உயிரோடிருப்பதாக ஒரு சேதியும் வராவிட்டால் அவரை விதவையென்று பதியலாம். ஒரு சேதி வந்தாலும் எல்லாம் இல்லையென்று ஆகும். உம்மு குல்சும் சரி என்றாராம்.

நாங்கள் செய்த பிழையை அவர் விடவில்லை. கையில் கிடைத்த கயிறுபோலப் பிடித்துக்கொண்டார்.

நோன்பு வந்தது. பெருநாளுக்கு முந்திய நாள் வந்த கான்ஸ்டபிள் விசயம் அறிந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு படலையோடு திரும்பிவிட்டார். ஹஜ்ஜுப் பெருநாளும் போனது. ஆனந்தராசா தாடியை மழித்து மறுபடி கந்தோருக்குப் போனார். இருமல் நின்றுவிட்டது. பகிடி மட்டும் பழையபடி வரவில்லை என்று கந்தோர் ஆட்கள் சொன்னார்கள். தன் பிழையால் ஒரு பெண் இருட்டறைக்குள் இருக்கிறாளே என்று அவர் என்னிடம் இரண்டு மூன்று தரம் சொன்னார். மன்னிப்புக் கேட்கப் போக விரும்பினார். இத்தா முடியட்டும் என்று நான்தான் தடுத்தேன்.

மார்கழியில் குரல் பதிவுக்காக ஆனந்தராசாவும் நானும் இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போனோம். எங்கள் படங்களில் காட்சியை முதலில் எடுத்துவிட்டு, குரலைப் பிறகு இருட்டறையில் சேர்ப்பதுதான் வழக்கம். ஒன்பதாம் திகதி வியாழக்கிழமை பின்னேரம், றஹ்மான் கொலை செய்துவிட்டுத் தன் வீட்டு வாசலில் வந்து நின்று மனைவியைக் கூப்பிடும் காட்சி வந்தது. திரையில் தாடியோடு நின்றவருக்குக் கீழே, மழித்த முகத்தோடு ஆனந்தராசா நின்று கூப்பிட்டார். உதடு பொருந்தவில்லை. மறுபடி கூப்பிட்டார். நான்கு மணியிலிருந்து ஐந்து மணிவரை அந்த ஒரு பேரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. ஐந்து மணிக்குப் பிறகு எனக்கு அந்த அறைக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. வெளியே வந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பினோம். திங்களன்று நான் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த றுக்கியா என்னைக் கண்டதும் ஈர்க்குக் கட்டைக் கீழே போட்டாள்.

"ஒங்கட நடிகருக்கு விசரா தம்பி? ஒரு இத்தா வீட்டு வாசலில வந்து நிண்டா நாடகம் ஆடுற?"

எப்போது என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றாள். பின்னேரம், அசர் தொழுகை நேரம். நல்ல மழை. முற்றத்தில் நடை கேட்டது, நின்றது, பிறகு அந்த இருமல். பிறகு குல்சும் என்று கூப்பிட்ட குரல். றுக்கியா குசினிக் கிடுகு இடுக்கால் பார்த்தபோது நனைந்த சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது. லாத்தா அறைக்குள்ளிருந்து அசையவில்லை. வந்தவர் கொஞ்சம் பொறுத்து, இரத்தினசிங்கத்தைத் தான் கொல்லவில்லை, அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாராம். லாத்தா உள்ளிருந்தே, "தம்பி, படம் முடிஞ்சிட்டுதானே. நான் இத்தாவில இரிக்கன். போயிடுங்க," என்றாளாம். அவர் மழைக்குள் நின்றார். பிறகு சரி என்றார். போனார்.

அந்த நேரம் ஆனந்தராசா என்னோடு கொழும்பில் நின்றதை நான் றுக்கியாவிடம் சொல்லவில்லை. நேரே துறைக்கு வந்தேன். குறிஞ்சாக்கேணிக்கும் கிண்ணியாவுக்கும் நடுவில் ஆட்களை ஏற்றிக் கயிற்றால் இழுக்கும் மிதவையைப் பாதை என்பார்கள். பாதை இழுக்கிறவரிடம் வியாழக்கிழமை யார் போனார்கள் என்று கேட்டேன். மழை நாள், ஆட்கள் குறைவு, ஞாபகம் இருக்கிறது என்றார். வயதான ஒருவர், ஒரு துணிப்பை, குடை இல்லை. இந்த ஊர்க்காரர் இல்லை. ஆனால் பாதையில் ஏறும்போது எங்கே கை பிடிக்க வேண்டும் என்று கீழே பாராமலே பிடித்தார் என்றார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுமுன் திரும்பிவிட்டார். எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது.

அன்றிரவு நான் என்னுடைய ஆறு கட்டுரைகளையும் எடுத்து வாசித்தேன். சாட்சி என்று நான் எழுதியிருந்தது ஒரு வள்ளமும், ஓர் ஆள் இல்லாமையும் மட்டுமே.

இத்தா முடிய எட்டு நாள் இருந்தது. அதற்குள் கதை ஊருக்குள் போய்விட்டது. வாசலில் யாரோ வந்து நின்றார்களாம் என்று. ஜமால்தீன் லெப்பை நேர்மையான மனிதர், காதால் கேட்டதை விடமாட்டார். உம்மு குல்சுமிடம் கேட்டிருக்கிறார். படத்தில் நடிக்கிற தம்பி வந்தார் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் அந்தத் தம்பி கடைசி நாள் வந்து தன் வாயால் சொல்லட்டும் என்று லெப்பை எனக்குச் சேதி அனுப்பினார்.

நான் தபால் கந்தோருக்குப் போய் ஆனந்தராசாவிடம் சொன்னேன். வியாழக்கிழமை ஒருவர் வந்ததையும் லெப்பை கேட்கப்போவதையும் சொன்னேன். வந்தவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான் அண்டைக்கு உங்களோட கொழும்பில எல்லோ நிண்டனான்," என்றார்.

ஓம் என்றேன்.

அவர் கையிலிருந்த கடிதக் கட்டை மெதுவாக அவிழ்த்து, மூதூர், தோப்பூர் என்று பெட்டிகளுக்குள் போடத் தொடங்கினார். ஒரு கட்டு முடிந்த பிறகு, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மார்கழி 21ஆம் திகதி காலை மழை விட்டிருந்தது. முற்றத்தில் லெப்பை ஒரு கதிரையில் இருந்தார், மடியில் காதியாருக்கு அனுப்ப வேண்டிய தாள். பள்ளி நிர்வாகத்து நம்பிக்கையாளர் ஒருவர் சாட்சிக்கு வந்திருந்தார். மற்றச் சாட்சி நான். முன்கதவில் அதே பச்சைச் சீலை. அதற்குப் பின்னால் ஆள் இருப்பது சீலையின் அசைவில் தெரிந்தது. குசினியில் றுக்கியா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

லெப்பை சுற்றி வளைக்கவில்லை. வியாழக்கிழமை இந்த வாசலுக்கு வந்தது நீங்களா என்று கேட்டார்.

"ஓம், நான்தான் வந்தனான்," என்றார் ஆனந்தராசா. சொந்தக் குரலில், தபால் கந்தோர்க் குரலில், சொன்னார். அந்தக் குரலில் அவர் சொன்ன பொய் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

லெப்பை என் பக்கம் திரும்பினார். "நீங்க இவரோட பழகினவர். இது உண்மையா?"

பத்தொன்பது வருடமாக நான் எழுதிய செய்திகளின் கீழ் என் பேர் வந்திருக்கிறது. பொய்ச்சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. சீலையின் கீழ் விளிம்பில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பெருவிரல்கள் நிலத்தை ஊன்றியிருந்தன.

"உண்மை," என்றேன்.

லெப்பை தாளை எடுத்தார். எடுத்தவர் எழுதாமல் மறுபடி நிமிர்ந்தார். வந்து என்ன சொன்னீர்கள் என்று ஆனந்தராசாவைக் கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனந்தராசா என்னைப் பார்க்கவில்லை.  நான்கு மாதமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"பிழையான சேதி என்னாலதானே வந்தது. அதுக்கு மன்னிப்புக் கேக்கப் போனனான். அவ்வளவுதான்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. வந்தவர் உண்மையில் சொன்னது என்னவென்று றுக்கியாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். லெப்பைக்கு மட்டும் தெரியாது. அவர் சீலையைப் பார்த்துக் கேட்டார். "அப்படியா பிள்ளை?"

 படலைக்கு வெளியே ஒரு மாட்டு வண்டில் போனது. அதன் சத்தம் ஒழுங்கையின் முடிவுவரை கேட்டது. லெப்பை மறுபடி கேட்க வாயெடுத்த நேரத்தில் சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. 

"ஓம் லெப்பை. மாப்புத்தான் கேட்டாரு. வேற ஒண்டும் சொல்லல்ல."

றுக்கியா குசினி வாசலுக்கு வந்தாள். ஈரக் கையோடு நின்று தமக்கையின் சீலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

லெப்பை எழுதினார். நம்பிக்கையாளர் கையெழுத்து வைத்தார். தாள் என்னிடம் வந்தது. காலஞ்சென்ற கலீலுர் றஹ்மான் என்று அதில் இருந்தது. நானும் வைத்தேன்.

பாதையில் திரும்பி வரும்போது எங்களைத் தவிர ஓர் ஆட்டுக்காரர் மட்டும் இருந்தார். நீர் கலங்கி, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவுக்கு வந்த பிறகு ஆனந்தராசா கேட்டார்.

"அந்த ஆள் உண்மையில என்ன சொன்னவர்?"

சொன்னேன். அவர் மிதவையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நீரைப் பார்த்தார்.

"அப்ப அவ ஆரெண்டு தெரிஞ்சுதான் போகச் சொல்லியிருக்கிறா."

"ஓம்."

"அண்டைக்கே தெரிஞ்சிருக்குமோ? இண்டைக்குத்தானோ?"

தெரியாது என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஆட்டுக்காரரின் குட்டி ஒருதரம் கத்தியது. இழுக்கிறவர் கயிற்றை மாற்றிப் பிடித்தார்.

"இனி அவர் எங்க போவார்?" என்றார் ஆனந்தராசா.

பாதை கிண்ணியாக் கரையில் முட்டியது. ஏறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் காத்து நின்றார்கள். அவர்களில் சிலர் வயதானவர்கள். நாங்கள் இருவரும் யாருடைய முகத்தையும் பாராமல் இறங்கி நடந்தோம்.